சர்க்கரை வியாதியும் சீனத்துச் சஞ்சீவிக் காளானும்

மனிதனுக்கு வருகின்ற வியாதிகளில் அனேகம், வந்த சில நாளில் குணமாகிவிடும். அல்லது ஆளைக் கொண்டுபோய்விடும். ஆனால், நீரிழிவு என்றும் சர்க்கரை வியாதி என்றும் சொல்லப்படுவது அப்படிப்பட்டதல்ல. அது வந்தவனை லேசில் விட்டுப் போவதுமில்லை, உடனே கொன்றுபோடுவதுமில்லை. இருபது வருஷம், முப்பது வருஷம் கூடவே குடியிருந்து கண்ணையும், சிறுநீரகத்தையும், பாதத்தையும், இருதயத்தையும் கொஞ்சங் கொஞ்சமாய் அரித்துக்கொண்டு வருவதாகும். இவ்வளவு நீண்டகாலத்து வியாதி எங்கே இருக்கின்றதோ அங்கே நீண்டகாலத்து வியாபாரமும் வந்து கடை விரிக்கும் என்பதை நாம் சொல்லித்தான் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை.

சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தார் 2021ஆம் வருஷத்தில் வெளியிட்ட கணக்குப்படி, சீன தேசத்தில் மாத்திரம் வயது வந்தவர்களில் 14 கோடிப் பேர் இவ்வியாதியஸ்தர்கள். இந்தியாவில் 7 கோடியே 40 லட்சம் பேர். இந்த 21 கோடி மக்களின் பயத்தையும் பணத்தையும் குறிவைத்து ஒரு பிரசாரம் நடந்துகொண்டிருக்கின்றது. அதாவது, “சீனர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கையாண்டுவந்த மருந்து, சக்கரவர்த்திகள் மாத்திரம் அருந்திய காளான், இதைத் தின்றால் இரத்தத்திலுள்ள சர்க்கரை தானே இறங்கும், மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், பத்தியமும் வேண்டாம்” என்பதாகும். இந்தச் சரக்கு சீனாவோடு நின்றுவிடவில்லை. மலேசியா, சிங்கப்பூர் வழியாக நமது நாட்டிற்கும் குளிகையாகவும் காப்பிப் பொடியாகவும் வந்து, ஒருவர் இருவரைச் சேர்ப்பது, இருவர் நால்வரைச் சேர்ப்பது என்கின்ற சங்கிலி வியாபாரமாய் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துவிட்டது.

நாம் காளானுக்கு விரோதிகள் அல்ல. சீனர்களுக்கும் விரோதிகள் அல்ல. எந்தத் தேசத்து மூலிகையானாலும், எந்தக் காட்டுப் பூண்டானாலும், மனிதனுடைய துன்பத்தைத் தீர்க்குமானால் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு கூத்தாடத் தயாராய் இருக்கின்றோம். ஆனால், ஒரு பொருளை மருந்து என்று சொல்லி விற்கவருகிறவரை நாம் மூன்று கேள்விகள் கேட்போம். எவ்வளவு கொடுப்பது? யாருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள்? கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? இம்மூன்றுக்கும் பதில் சொல்லாமல், “மூவாயிரம் வருஷத்துப் பழமை” என்று மாத்திரம் சொல்லுவது, கடன் கேட்க வந்தவன் தன் பாட்டனாருடைய பெருமையைச் சொல்லுவது போன்றதேயாகும். பாட்டனார் பெருமை வட்டி கட்டுமா என்று கேட்கின்றோம்.

முதலில், பேசப்படும் பொருள் இன்னதென்று தெரிந்துகொள்ளவேண்டியது அவசியம். சீன வைத்தியத்தில் பேர் பெற்ற காளான்கள் பலவாயினும், சர்க்கரை வியாதியின் பேரால் அதிகமாக விற்கப்படுபவை இரண்டு. ஒன்று, லிங்சி என்பது. ஜப்பானியர் ரெய்ஷி என்பர். சாஸ்திரப் பெயர் கேனோடெர்மா. பட்ட மரத்தில் விசிறி போல் முளைத்து, மெருகெண்ணெய் பூசியதுபோல் சிவந்து பளபளத்து, கடித்தால் கட்டை போலவும், காய்ச்சினால் கசப்பாகவும் இருப்பது. மற்றொன்று, கார்டிசெப்ஸ் என்னும் புழுக்காளான். திபெத்திய மேட்டு நிலங்களில், மண்ணுக்குள் இருக்கும் ஒரு விட்டிலின் புழுவைப் பூசணம் பிடித்து, அதைக் கொன்று, அதன் தலைவழியே குச்சிபோல் முளைத்து வருவதாகும். “குளிர்காலத்தில் புழு, கோடைகாலத்தில் புல்” என்பது அதன் சீனப் பெயருக்கு அர்த்தம். இவை தவிர, பைன் மரத்து வேரில் கட்டிப்படும் ஃபூலிங் என்பதும் பழைய கஷாயங்களில் சேர்க்கப்படுவதுண்டு.

இனி, இவர்கள் பேசும் பழமையின் யோக்கியதையைப் பார்ப்போம். லிங்சியின் பெருமைக்கு ஆதாரமாய்க் காட்டப்படுவது ஷென்னோங் என்னும் புராண அரசன் பேரால் வழங்கும் மூலிகை நூல். அந்நூலில் இக்காளான் ஆறு நிறமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. பச்சை ஈரலுக்கு, சிவப்பு இருதயத்திற்கு, மஞ்சள் மண்ணீரலுக்கு, வெள்ளை நுரையீரலுக்கு, கறுப்பு சிறுநீரகத்திற்கு என்று நிறத்தைக்கொண்டே குணம் சொல்லப்பட்டிருக்கின்றது. ஊதாவுக்குக் காதும் மூட்டும் பங்கு வந்தன. பஞ்சபூதக் கணக்குக்கு இசைவாய் நிறங்களைப் பங்கு போட்டதேயொழிய, நோயாளியைப் பார்த்து எழுதியதல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். இவற்றை நெடுநாள் தின்றால் உடம்பு லேசாகும், மூப்பு வராது, சித்தர் பதவி கிட்டும் என்பதும் அங்கேயே உண்டு. ஆனால், வாசகர்களே, ஆறு நிறத்தில் ஒரு நிறத்துக்காவது சர்க்கரை வியாதியைத் தீர்க்கும் குணம் சொல்லப்படவில்லை! சிவப்புக் காளானுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் மார்பு அடைப்பு, இருதய பலம், ஞாபகசக்தி ஆகியவைகளே. ஆகவே, பழமையைக் காட்டி விற்கிறவர்கள் அந்தப் பழமைக்காவது உண்மையாய் நடந்துகொள்ளுகின்றார்களா என்றால் அதுவும் இல்லை. நேற்றைக்குக் கட்டிய கதைக்கு ஈராயிரம் வருஷத்துப் புழுதியைப் பூசுகின்றார்கள்.

சக்கரவர்த்திகள் அருந்தியது என்கின்றார்களே, அந்தச் சக்கரவர்த்திகள் கண்ட பலன் என்ன? சாகா மருந்து தேடிக் கடலுக்கப்பால் கப்பலனுப்பிய சின் ஷி ஹுவாங் கி.மு. 210இல், ஐம்பதாவது வயதுகூட நிரம்பாமல் மாண்டான். ஹான் வம்சத்து வூ சக்கரவர்த்தியின் அரண்மனையில் கி.மு. 109இல் ஒன்பது தண்டுள்ள காளான் ஒன்று முளைத்தபொழுது, அது தெய்வ சம்மதம் என்று கொண்டாடி, தேச முழுவதும் குற்றவாளிகளுக்கு மன்னிப்பு வழங்கினார்கள். அரண்மனைக்குள் காளான் முளைத்தால் கூரை ஒழுகுகின்றதா என்று தச்சனைக் கூப்பிட்டுப் பார்ப்பது அறிவுடைமை; ஆட்சியின் புண்ணியம் என்று கொண்டாடுவது அரண்மனை வழக்கம்போலும்! அக்காலத்தில் அது அருமையாய்க் கிடைத்தது. ஆதலால் அதில் அற்புதம் இருப்பதாக நினைத்தார்கள். 1970ஆம் வருஷத்திற்குப் பிறகோ அதே காளானை மரத்தூள் பையில் வளர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். டன் கணக்காய் விளைகின்றது. அரசனுக்கு மாத்திரம் கிடைத்த அமிர்தம் இன்று கடைக்குக் கடை கிடைத்தும், சீனாவில் சர்க்கரை வியாதியஸ்தர் தொகை 14 கோடியாய் நிற்கின்றதென்றால், அந்த அமிர்தத்தின் யோக்கியதை என்னவென்று நாம் விவரிக்க வேண்டுமா?

இப்படிச் சொல்லுவதால், பழைய சீன வைத்தியர்கள் ஒன்றுமே அறியாதவர்கள் என்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர்கள் கண்ணால் கண்டு எழுதியது மெச்சத்தக்கதேயாகும். தாகம் மிகுந்து, உடம்பு மெலிந்து, நீர் அதிகமாய்ப் போகும் வியாதிக்கு அவர்கள் சியாவ்கே என்று பெயரிட்டார்கள். மெலிவிக்கும் தாகம் என்பது பொருள். கொழுப்பும் இனிப்பும் மிகுதியாய்த் தின்பவர்களுக்கு அது வருவதைப் பார்த்தார்கள். நோயாளியின் நீர் இனிப்பது கி.பி. 752இல் தொகுக்கப்பட்ட வைத்திய நூலிலேயே குறிக்கப்பட்டிருக்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்பவர், இந்நோயாளி மதுவையும், உப்பையும், மாவுப் பண்டத்தையும் விலக்கவேண்டும் என்று எழுதினார். இவையெல்லாம் பிரத்தியட்ச அனுபவம். ஆனால், கண்டறிந்தது வேறு. காரணமும் மருந்தும் கற்பித்தது வேறு. கி.பி. 200 வாக்கில் சாங் சோங்ஜிங் என்பவர் இவ்வியாதிக்குச் சொன்ன குளிகையில் எட்டுச் சரக்குகள். அதில் ஃபூலிங் காளானும் ஒன்று, வச்சநாபி இனத்துக் கிழங்கும் ஒன்று. எட்டில் எது வேலை செய்தது, எது சும்மா இருந்தது, எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்க அக்காலத்தில் வழியில்லை. அது அவர்கள் குற்றமல்ல. வழியிருக்கும் இக்காலத்திலும் பார்க்கமாட்டோம் என்பதுதான் குற்றம்.

“வெள்ளைக்காரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழ்நாட்டு வைத்தியத்தைக் கேலி செய்கின்றீர்கள்” என்று சிலர் சொல்ல வருவார்கள். அவர்களுக்கு நாம் சீனர்களையே சாட்சியாகக் காட்டுகின்றோம். முதல் நூற்றாண்டில், புத்தகம் வாங்கப் பணமில்லாமல் லோயாங் நகரத்துக் கடைகளில் நின்றுகொண்டே படித்துத் தேறிய வாங் சோங் என்னும் அறிஞர், மருந்து தின்று மனிதன் சாகாதவனாவான் என்பதைப் பொய்யென்று எழுதினார். 1578இல் சீனாவின் மிகப் பெரிய மூலிகை நூலை எழுதி முடித்த லீ ஷிசென் என்னும் வைத்தியரே, இக்காளான் மட்கிப்போன பொருளில் மிச்சமாய் நிற்கும் ஆவியிலிருந்து தோன்றுவது, மனிதன் உடம்பில் கட்டி முளைப்பதைப் போன்றது, இதைத் தின்றால் சித்தனாகலாம் என்பது மதிகேடு என்னும் கருத்துப்பட எழுதியிருக்கின்றார். ஆவியைப்பற்றிய அவருடைய காரணம் தவறு. ஆனால் அவருடைய சந்தேகம் சரி.

பிற்காலத்தில் லூ சுன் என்னும் பேரெழுத்தாளரும் உண்டு. அவருடைய தகப்பனாருக்கு நீர்க்கோவை கண்டபொழுது, பேர் பெற்ற வைத்தியர்கள் வேறு சோடி மாற்றாத ஆண் பெண் சில்வண்டு இரண்டு கொண்டுவரச் சொன்னார்கள். வீங்கிய வயிறு முரசு போலிருப்பதால், கிழிந்த முரசின் தோலில் செய்த குளிகையும் கொடுத்தார்கள். குடும்பத்தின் பொருள் போயிற்று. தகப்பனார் 1896இல் மாண்டார். மகன் ஜப்பானுக்குப் போய் மேல்நாட்டு வைத்தியம் படிக்கத் தொடங்கினார். பிறகு, பழைய வைத்தியர்களைத் தெரிந்தோ தெரியாமலோ ஏமாற்றுகிறவர்கள் என்று எழுதினார். இவர்களெல்லாம் வெள்ளைக்காரர்களா? புத்தியைச் செலவழிப்பதற்கு மேல்நாடு கீழ்நாடு என்கின்ற பேதம் உண்டா?

நிற்க, விஞ்ஞான சோதனை என்ன சொல்லுகின்றது என்பதைப் பார்ப்போம். 1985இல் ஜப்பானிய ஆராய்ச்சிக்காரர்கள் லிங்சியிலிருந்து கேனோடெரான் என்னும் பொருள்களைப் பிரித்தெடுத்து, சுண்டெலிகளுக்குச் செலுத்தி, அவைகளின் இரத்தத்தில் சர்க்கரை இறங்கக் கண்டார்கள். இது உண்மையான ஆராய்ச்சி, நாம் மறுக்கவில்லை. ஆனால், எலிக்குச் சர்க்கரை இறக்கிய பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன; மனிதனுக்கு மருந்தாய்த் தேறியவை அவற்றில் வெகு சிலவே. எலிக்கு ஊசியால் செலுத்தியதும், மனிதன் காப்பியில் கலக்கிக் குடிப்பதும் ஒன்றாகுமா? 2004இல் ஒரு கம்பெனிச் சரக்கை 71 நோயாளிகளிடம் சோதித்ததில் சர்க்கரை குறைந்ததாக எழுதினார்கள். விற்பனைக்காரர்கள் இன்றுவரை இதையே காட்டுகின்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததை மாத்திரம் காட்டுவதில்லை.

பிறகு நடந்தது என்னவெனில், மருத்துவச் சோதனைகளையெல்லாம் ஒன்றுசேர்த்துத் தராசில் நிறுத்துப் பார்க்கும் காக்ரேன் என்னும் ஸ்தாபனத்தார், 2015இல் லிங்சியைப்பற்றி 398 பேர் கலந்துகொண்ட 5 சோதனைகளைச் சீர்தூக்கிப் பார்த்து, சர்க்கரை வியாதியஸ்தர்களுக்கு இதனால் சர்க்கரை குறைகின்றது என்பதற்குப் போதிய ருஜு இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். 2016இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை ஒன்று வெளியாயிற்று. 84 வியாதியஸ்தர்கள் மூன்று வகுப்பாய்ப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு வகுப்பாருக்கு லிங்சி. ஒரு வகுப்பாருக்கு லிங்சியோடு புழுக்காளான். ஒரு வகுப்பாருக்கு மருந்தேயில்லாத வெறுங் குளிகை. தினம் 3 கிராம் வீதம் 16 வாரம். தின்றவனுக்கும் தெரியாது, கொடுத்தவனுக்கும் தெரியாது, எது எதுவென்று. முடிவில், வெறும் வயிற்றுச் சர்க்கரையிலும் சரி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையிலும் சரி, காளான் தின்றவர்களுக்கும் வெறுங் குளிகை தின்றவர்களுக்கும் யாதொரு வித்தியாசமும் காணப்படவில்லை.

“கீழ்நாட்டு மருந்தை மேல்நாட்டுத் தராசில் நிறுக்கலாமா?” என்று கேட்பார்கள். இரத்தத்திலுள்ள சர்க்கரைக்குக் கீழ்நாடு மேல்நாடு தெரியுமா? பீகிங்கிலுள்ள நோயாளியின் கண்ணைக் கெடுக்கின்ற அதே சர்க்கரைதான் லண்டனிலுள்ளவன் கண்ணையும் கெடுக்கின்றது. காளான் சர்க்கரையை இறக்கும் என்று சொன்னவர்கள் இவர்கள்; இறங்கியதா என்று அளந்து பார்த்தோம் நாம். அளக்கவே கூடாது என்றால், இறங்கும் என்று எதைக்கொண்டு சொன்னீர்கள்?

“இருக்கட்டும், எங்கள் அடுத்த வீட்டுக்காரருக்குக் குணமாயிற்றே” என்பார்கள். அடுத்த வீட்டுக்காரர் காளானைத் தின்னத் தொடங்கிய அன்றே பட்சணத்தையும் குறைத்திருப்பார், காலையில் நடந்திருப்பார், டாக்டர் கொடுத்த மாத்திரையையும் விடாமல் தின்றிருப்பார். வேலை செய்தது நடையும் மாத்திரையும். பேர் வாங்கிக்கொண்டது காளான். 1993இல் சீனப் பெண்கள் ஓட்டப் பந்தயத்தில் உலகமே திகைக்கும்படி சாதனைகளைச் செய்தபொழுது, அவர்களுடைய பயிற்சியாளர், எல்லாம் புழுக்காளானும் ஆமை இரத்தமும் செய்த வேலை என்றார். புழுக்காளானின் விலை ஏறிற்று. 2000த்தில் அவருடைய ஓட்டக்காரிகளில் ஆறு பேர் இரத்த சோதனையில் தேறாமல் ஒலிம்பிக் கோஷ்டியிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஊக்க மருந்து தங்களுக்குப் பலவந்தமாய்க் கொடுக்கப்பட்டதாக அப்பெண்களே எழுதிய கடிதம் 2016இல் பத்திரிகைகளில் வெளியாயிற்று.

இதைவிட மோசமான சங்கதியும் உண்டு. அதாவது, சில சீனக் குளிகைகள் மெய்யாகவே சர்க்கரையை இறக்குகின்றன. ஏனெனில் அவைகளுக்குள் மேல்நாட்டு மாத்திரை மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றது! 2000த்தில் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்க்கார், சர்க்கரை வியாதிக்கென்று மூலிகைப் பேரால் விற்ற ஐந்து சீனக் குளிகைகளைச் சோதித்ததில், கிளிபென்கிளமைடு என்னும் மாத்திரை மருந்தும், ஆபத்தானதென்று அங்கே முன்பே தள்ளப்பட்ட பென்பார்மினும் இருந்தன. 2009இல் சீனாவிலேயே சிஞ்சியாங் மாகாணத்தில், இப்படிக் கிளிபென்கிளமைடை அளவுக்கு மீறிக் கலந்த போலிச் சர்க்கரைக் குளிகையைத் தின்று இரண்டு பேர் செத்துப்போனார்கள். இது போலியின் கதை. அசல் எப்படி? சீனாவில் சர்க்கார் அனுமதியோடு வெகுவாய் விற்கும் சியாவ்கே குளிகையில், பத்துக் குளிகைக்கு இரண்டரை மில்லிகிராம் கிளிபென்கிளமைடு சேர்ந்திருப்பது சீட்டிலேயே எழுதியிருக்கின்றது. மூலிகைகளே போதுமானால், இந்த மேல்நாட்டு விருந்தாளியை எதற்காகக் கூட்டில் சேர்த்தார்கள் என்று கேட்கின்றோம்.

அன்றியும், புட்டிக்குள் காளானாவது இருக்கின்றதா? அமெரிக்காவில் விற்ற லிங்சிக் குளிகைகளில் 19 தொகுதிகளைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். சீட்டில் எழுதியபடி இருந்தவை 5 மாத்திரமே. பலவற்றில் இருந்தது மாச்சத்தை ஒத்த பொருள். சர்க்கரை வியாதியஸ்தன் மாவைக் குறைக்கவேண்டும் என்று சுன் சிமியாவ் சொல்லி ஆயிரத்து முந்நூறு வருஷமாயிற்று. அவர் பேரைச் சொல்லிக்கொண்டே அவனுக்கு மாவை விற்கின்ற காலம் இது! காளானின் பேரும்கூடச் சரியில்லை. இங்கிலாந்தில் கிடைத்த ஒரு காளானுக்கு 1781இல் வைத்த பெயரையே சீனக் காளானுக்கும் சூட்டிவந்தார்கள். இரண்டும் வெவ்வேறு என்று 2012இல்தான் சீன விஞ்ஞானிகள் பிரித்துத் தனிப் பெயர் வைத்தார்கள். புழுக்காளானின் சேதி இன்னும் கேடு. 2016இல் சீன சர்க்காரின் மருந்துக் கண்காணிப்பு இலாகாவே, அதில் பாஷாணம் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் வரை இருப்பதாயும், அனுமதிக்கப்பட்ட அளவு 1 மில்லிகிராமே என்றும் எச்சரிக்கை விடுத்தது. லிங்சிப் பொடி தின்று ஈரல் கெட்ட சம்பவங்கள் ஹாங்காங்கிலும் தாய்லாந்திலும் வைத்தியப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கின்றன. தாய்லாந்து நோயாளி இறந்தே போனார். “இயற்கைப் பொருள், தீமையே கிடையாது” என்கின்றவர்கள் பாம்பின் விஷமும், எட்டிக் கொட்டையும், நச்சுக் காளானும் எந்தத் தொழிற்சாலையில் செய்யப்படுகின்றன என்று சொல்லுவார்களா?

இவ்வளவும் பணத்தோடு போகுமானால் நாம் இவ்வளவு தூரம் எழுதவேண்டியதில்லை. ஏமாந்தவன் காசு போயிற்று என்று விட்டுவிடலாம். ஆனால் இதில் உயிர் போகின்றது. சர்க்கரை வியாதியில் இரண்டு விதம் உண்டு. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வருகின்ற விதத்தில் உடம்பில் இன்சுலின் சுரந்தும் சரியாய் வேலை செய்வதில்லை. மெள்ள மெள்ளக் குறைந்தும் போகின்றது. பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் வருகின்ற இன்னொரு விதத்தில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகின்றது. இவர்களுக்கு ஊசியை நிறுத்துவது என்பது சில நாளில் மயக்கத்தையும் சாவையும் கொடுப்பதாகும். 1922 ஜனவரியில் கனடாவில் டொராண்டோ நகரத்து ஆஸ்பத்திரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதல் இன்சுலின் ஊசி போடப்படுவதற்கு முன்னால், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள், பட்டினி போட்டுச் சாவைச் சில மாதம் தள்ளிவைப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாதவர்களாய் இருந்தார்கள். அந்தக் காலத்திலும் லிங்சி இருந்தது, ஃபூலிங் இருந்தது, புழுக்காளானும் இருந்தது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றிற்று என்று காட்ட முடியுமா?

“பழைய சீன முறை” என்று கேட்டதும் ஊசியைக் கீழே வைத்தவர்களின் கதி என்னவாயிற்று என்பதற்கு நியாயஸ்தலத்து ருஜுவே இருக்கின்றது. காளானல்ல, உடம்பை அடித்துக்கொண்டால் விஷம் வெளியேறும் என்கின்ற ஒரு சீன முறையைப் போதித்துக்கொண்டு தேசந் தேசமாய்ப் போன ஒருவர் நடத்திய முகாமில், 2015இல் சிட்னி நகரத்தில் இன்சுலின் நிறுத்தப்பட்ட 6 வயதுப் பிள்ளை மாண்டது. 2016இல் இங்கிலாந்தில் அதே ஆசாமியின் முகாமில், இன்சுலினை நிறுத்திய 71 வயது அம்மாள் மாண்டார். பிள்ளையின் சாவுக்கு ஆஸ்திரேலியாவிலும், அம்மாளின் சாவுக்கு 2024இல் இங்கிலாந்திலும் அவர் தண்டிக்கப்பட்டார். இங்கிலாந்தில் கிடைத்தது 10 வருஷச் சிறை. கை தட்டுவது வேறு, காளான் தின்பது வேறு என்று சொல்லலாம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. “உன் டாக்டரைவிடப் பழமை பெரிது, அளவு கருவியைவிட நம்பிக்கை பெரிது” என்று நோயாளியின் காதில் ஓதுவதுதான் அந்த வேர்.

அப்படியானால் மூலிகையையும் காளானையும் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டவேண்டுமென்பதா நமது அபிப்பிராயம்? இல்லவே இல்லை. நான்காம் நூற்றாண்டுச் சீன நூலொன்றில் மலைக்காய்ச்சலுக்குச் சொல்லியிருந்த ஒரு பூண்டை து யூயூ என்னும் சீன அம்மையார் கையிலெடுத்தார். கும்பிட்டு வைத்துவிடவில்லை. காய்ச்சாமல் பிழியச் சொல்லியிருப்பதைக் கவனித்து, குறைந்த சூட்டில் ஈதரைக்கொண்டு சத்தை எடுத்து, 1971இல் எலிகளிடத்தில் சோதித்து, 1972இல் தானே குடித்துப் பார்த்து, பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதுவே இன்று மலேரியாவிலிருந்து லட்சக்கணக்கானவர்களைப் பிழைப்பிக்கின்ற ஆர்ட்டெமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை வியாதிக்கு இன்று உலகமெல்லாம் கொடுக்கப்படும் மெட்பார்மினுக்கும் மூலம் ஐரோப்பாவின் ஒரு நாட்டுப்புறப் பூண்டே. அதிலுள்ள பொருளின் இனத்தை ஆராய்ந்து, 1922இல் செயற்கையாய்ச் செய்து, 1957இல் பாரிஸில் ஒரு டாக்டர் நோயாளிகளிடத்தில் கையாண்டு வெளியிட்டார். காளான் ஜாதியைச் சேர்ந்த பூசணம் ஒன்றால் சிவக்கவைத்த சீன அரிசியிலும், 1979இல் ஜப்பானியர் கொழுப்பைக் குறைக்கும் ஒரு பொருளைக் கண்டார்கள். அதுவும் இன்று அளவோடு கொடுக்கப்படும் மாத்திரை. ஆகவே, பூண்டையோ பூசணத்தையோ விஞ்ஞானம் வெறுக்கவில்லை. சோதனைக்கு வந்து தேறியதை ஏற்றுக்கொண்டது. லிங்சி, சர்க்கரை விஷயத்தில், சோதனைக்கு வந்தது, தேறவில்லை. நாளைக்கு அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்துத் தேறக் காட்டினால், அன்றைக்கு நாமே முன்நின்று வரவேற்போம்.

சீனாவின் பெருமையைப் பேசவேண்டுமானால் பேசுவதற்கு வேறு விஷயம் இருக்கின்றது. 1958இல் தொடங்கி, ஷாங்காயிலும் பீகிங்கிலும் உள்ள சீன விஞ்ஞானிகள், வசதி குறைந்த ஆராய்ச்சிசாலைகளில் இருந்துகொண்டு, மாட்டு இன்சுலினைச் செயற்கையாகவே செய்ய முயன்று, 1965இல் படிகமாகவே செய்து காட்டினார்கள். சர்க்கரை வியாதிக்குச் சீனா உலகத்துக்குக் கொடுத்த கௌரவமான கொடை இதுவேயாகும். இதைப்பற்றிப் பேசுகின்ற சங்கிலி வியாபாரி ஒருவரையாவது நாம் பார்த்ததில்லை. ஏனென்றால், இதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

தோழர்களே! மெட்பார்மின் மாத்திரை நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இனாமாகவே கொடுக்கப்படுகின்றது. நடப்பதற்குக் காசு வேண்டியதில்லை. சோற்றைக் குறைப்பதற்கும் காசு வேண்டியதில்லை. காளான் குளிகைக்கோ மாதா மாதம் நூற்றுக்கணக்கான ரூபாய் அழவேண்டும். உங்கள் வீட்டுக்கு அந்தப் புட்டியைக் கொண்டுவருகிறவர் அன்னியராய் இருக்கமாட்டார். மாமனாகவோ, மைத்துனராகவோ, கூட வேலை பார்க்கின்றவராகவோதான் இருப்பார். அவரிடத்தில் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவரும் பணத்தைப் போட்டு மாட்டிக்கொண்டவரே. உட்காரவைத்து, முன்சொன்ன மூன்று கேள்விகளையும் கேளுங்கள். எவ்வளவு? யாருக்கு? எதனோடு ஒப்பிட்டு? பதில் வராவிட்டால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே தின்றுகொண்டிருப்பவர்கள் அதை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காளானைத் தின்றாலும் தின்னாவிட்டாலும் மாத்திரையையும் ஊசியையும் டாக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். முக்கியமாக, ஊசி போட்டுக்கொள்ளுகின்ற பிள்ளை இருக்கின்ற வீட்டில், யார் எந்தத் தேசத்துப் பழமையைக் கொண்டுவந்தாலும், அந்தப் பிள்ளையின் ஊசியை நிறுத்தச் சொல்லுகின்ற பேச்சு வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளவேண்டியது அவ்வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பாகும் என்று சொல்லி இதை முடிக்கின்றோம்.